மூன்று மணிக்கு ட்யூப் லைட்டைப் போடாதீர்கள்

மூத்தவன் பிறந்து இருபது நாள் இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கு முனகல் கேட்டது. பதறி எழுந்து ட்யூப் லைட்டைப் போட்டேன். முகம் சிவக்க உடம்பை முறுக்கிக்கொண்டு, கண் பாதி திறந்தபடி கைகாலை உதறிக்கொண்டிருந்தான். வாரித் தூக்கினேன். தூக்கியதும் வீறிட்டான். அப்புறம் விடியும்வரை சிவராத்திரிதான். ஒரு மாசம் இப்படியே போனது. "பகலையும் ராத்திரியையும் மாத்திப் போட்டுட்டான்" என்று வீடே அவன்மேல் பழி போட்டது. பாதி நாள் அவனை எழுப்பிவிட்டதே நான்தான் என்பது இரண்டாவது பிறந்த பிறகுதான் புரிந்தது.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, அசைந்துகொண்டே தூங்கும் தூக்கம். அதில் முனகும், சிரிக்கும், உதட்டைப் பிதுக்கும், ஒரு குரல் அழுதுவிட்டு அடங்கும். கண்கூட லேசாகத் திறக்கலாம். "நரி விரட்டுது, விடு" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நமக்குத் தூக்கத்தின் ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம் என்றால், பச்சைக் குழந்தைக்கு 50, 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கொஞ்சம் சிணுங்கிவிட்டு அடுத்த சுற்றுக்குள் போய்விடும், நாம் குறுக்கே போகாவிட்டால்.

அதனால் முனகல் கேட்டால் எண்ணி ஒரு நிமிடம் பொறுங்கள். பக்கத்தில் படுத்திருந்தால் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வையுங்கள், போதும். நிஜமான பசி என்றால் ஏமாற முடியாது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், சத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது பால் கொடுங்கள், ஆனால் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில். கொஞ்சல், பேச்சு எதுவும் வேண்டாம். இரவு பகல் பிரித்தறியும் உடல் கடிகாரம் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. அதுவரை காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுவதும், ராத்திரி இருட்டை இருட்டாக விடுவதும்தான் நம்மால் முடிந்தது. பகலில் குழந்தை தூங்குகிறது என்று மிக்ஸியை நிறுத்திவிட்டு வீடே மௌன விரதம் இருக்க வேண்டியதில்லை.

தூக்குவதில் உள்ள அவசரம் கீழே போடுவதிலும் உண்டு. தோளில் போட்டு நடந்தால் தூங்கிவிடுகிறது, பாயில் போட்டதும் முழித்துக்கொள்கிறது. இந்தப் புலம்பல் இல்லாத வீடு ஏது? ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடா குழுவினர் இதை இதயத்துடிப்பை அளந்தே பார்த்தார்கள். அம்மா தூக்கி நடக்கும்போது குழந்தையின் துடிப்பு இறங்கி அழுகை அடங்குகிறது என்று 2013ல் காட்டினார்கள். 2022ல் சொன்னது இன்னும் உபயோகமானது: குழந்தையை உலுக்குவது பாயில் முதுகு படும் நொடி அல்ல, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் நொடி. அவர்கள் சொன்ன வழி, ஐந்து நிமிடம் நடப்பது, தூங்கியதும் கையில் வைத்தபடியே ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருப்பது, பிறகு படுக்க வைப்பது. அந்த எட்டு நிமிடம் எட்டு மணி நேரமாகத் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை.

தூளி விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தூளிக்கு எதிராக எழுத எனக்கு மனசு வராது. என் பிள்ளைகள் இரண்டும் அதில்தான் ஆடின. ஆனால் ராத்திரி முழுக்க அதிலேயே விடுவது தவறு. துணி நடுவில் குழிந்து இறங்கும்போது கழுத்து நிற்காத குழந்தையின் தாடை நெஞ்சில் முட்டும். அதன் மூச்சுக்குழாய் மெல்லியது, அந்த மடிப்பிலேயே இறுகிவிடும். குழந்தை சத்தம் போடாது, போட முடியாது. சாய்வான குழந்தைப் படுக்கைகளை இதே காரணத்துக்காக அமெரிக்கா 2022ல் சட்டம் போட்டுத் தடை செய்தது. 10 டிகிரிக்கு மேல் சாய்வு கூடாது என்பது கணக்கு. நம் தூளி அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆட்டித் தூங்கவைக்க வைத்துக்கொள்ளுங்கள். தொட்டில் கம்பைச் செருகித் துணி முகத்தில் மூடாமல் விரித்து வையுங்கள். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் போடுங்கள். குப்புற விழ ஆரம்பித்த பிறகு தூளியில் விட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். ஓடியாடும் வயசுப் பிள்ளைகள் தூளியை முறுக்கி விளையாடுகிறார்கள் என்றால் அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

"குப்புறப் போட்டா அசையாம தூங்கும்" என்பது உண்மைதான். அந்த அசையாத் தூக்கம்தான் ஆபத்து. ஒரு வயது வரை, பகலோ இரவோ, மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1994ல் இதை வீடு வீடாகச் சொல்லத் தொடங்கிய பிறகு காரணம் தெரியாத தொட்டில் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மல்லாந்தால் பால் புரையேறிவிடும் என்று பயப்படுவோம். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். எதுக்களித்த பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். தலை தட்டையாகிவிடுமே என்றால், முழித்திருக்கும்போது கண்ணெதிரே வைத்துக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். கடுகுத் தலையணை, மெத்து மெத்தென்ற பொம்மை, கனத்த போர்வை எதுவும் படுக்கையில் வேண்டாம்.

அழுகைக்கு மருந்தாக நினைத்து நாம் நாக்கில் தடவுகிற பொருட்களுக்குக் கணக்கில்லை. கிரைப் வாட்டர் நம் ஊர் வைத்தியம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது 1851ல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் வுட்வர்ட் தயாரித்தது. பழைய சரக்கில் சாராயம் இருந்தது, குழந்தை கண்ணயர்ந்ததில் என்ன ஆச்சரியம்? இப்போதைய பாட்டில்களில் சாராயம் இல்லை, ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று நாம் கொண்டாடுகிற வசம்பை உணவில் சேர்க்க 1968லேயே அமெரிக்கா தடை விதித்தது, அதிலுள்ள ஆசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால். சுட்டு உரசித் தடவாதீர்கள், கையில் வளையலாகவும் கட்டாதீர்கள், சப்பிக்கொண்டே இருக்கும். தேனை ஒரு வயதுக்கு முன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது, நரம்பைத் தாக்கும் நஞ்சால் உண்டாகும் பாட்டுலிசம் என்னும் நோய் வரலாம். சளி சிரப் கொடுத்தால் தூங்கும் என்பது எல்லாவற்றையும்விட மோசம். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சிரப்பை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023ல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிவிட்டது.

சாயங்கால அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவது, தலைகீழாகப் பிடிப்பது எல்லாம் இந்தச் சமயத்தில்தான் நடக்கும். பிஞ்சுக் கழுத்து தாங்காது. நமக்கே பொறுமை போய்விட்டால் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். எந்தக் கோபத்திலும் குலுக்கக் கூடாது.

வளர்ந்த குழந்தைகளுக்கு வேறு தவறு. பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் ராத்திரி அசந்து தூங்கும் என்று கணக்குப் போடுகிறோம். களைத்துப்போன குழந்தை ஆட்டம் போடும், பிறகு அழுதே ஓயும். ஒன்று இரண்டு வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். கண்ணைக் கசக்கி, காதை இழுத்து, சும்மாவே முரண்டு பிடித்தால் நேரம் வந்துவிட்டது. செல்போன் காட்டித் தூங்கவைப்பது பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். கொசுவத்திச் சுருள் பற்றித்தான் தெரிவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் ஓர் ஆய்வு அளந்தது. கொசுவலை வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடம்பு 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பாலை மறுத்து எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மணி எதுவானாலும் பொறுக்க வேண்டாம். அன்றைக்கு ட்யூப் லைட்டைப் போடுங்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.