டிகின்டரிலிருந்து டிடிகேவுக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கநாதன் தெருத் துணிக்கடை ஒன்றுக்குப் பைத்தானில் எழுதிய பில்லிங் திரையை எடுத்துக்கொள்வோம். திரைகளை அமைக்கப் பைத்தானோடு வரும் நூலகமான டிகின்டரின் பழைய பட்டன்கள் சாம்பல் நிறத்தில் தடித்து நிற்கின்றன என்று, அதிலேயே உள்ள புதிய தோற்றப் பகுதியான டிடிகேவுக்கு மாற்றுகிறோம்.

முதல் தவறு, டிகின்டரை நட்சத்திரம் போட்டு (எல்லாப் பெயர்களையும் மொத்தமாக) இம்போர்ட் செய்த வரிக்குக் கீழே டிடிகேவுக்கும் அப்படியே ஒரு வரி சேர்ப்பது. பட்டன், லேபிள், என்ட்ரி, ஃபிரேம் எல்லாம் சத்தமில்லாமல் டிடிகேவுடையதாகிவிடும். டெக்ஸ்ட், கேன்வாஸ், லிஸ்ட்பாக்ஸ், மெனு டிடிகேவில் இல்லை. அவை பழையபடியே இருக்கும். ரன் செய்ததும் 'அன்நோன் ஆப்ஷன்' என்று பிழை வரும், ஏனென்றால் டிடிகே பட்டனுக்கு பிஜி (பின்னணி நிறம்), எஃப்ஜி (எழுத்து நிறம்) என்ற ஆப்ஷன்கள் தெரியாது. இரண்டையும் டிகே, டிடிகே என்று தனித்தனிப் பெயரில் இம்போர்ட் செய்து, ஒவ்வொரு விண்டோவாக மாற்றுங்கள். இரண்டு வகை விட்ஜெட்டும் (பட்டன், லேபிள் போன்ற திரை உறுப்புகள்) ஒரே விண்டோவில் சேர்ந்து இருக்கலாம். விட்ஜெட்டுகளுக்கு இடம் ஒதுக்கும் பேக், கிரிட் வரிகளில் கை வைக்க வேண்டாம்.

டிடிகேவில் நிறத்தை, விட்ஜெட்டின் தோற்றத்தைத் தனியே வரையறுக்கும் ஸ்டைலில்தான் சொல்ல வேண்டும். சொல்லியும் விண்டோஸில் பட்டன் நிறம் மாறவில்லையா? அங்கே இயல்பாக வரும் 'விஸ்டா' தீமில் (எல்லா விட்ஜெட்டுக்குமான தோற்றத் தொகுப்பு) பட்டனின் பின்னணியை விண்டோஸே வரைகிறது. 'கிளாம்' தீமுக்கு மாறினால் நிறம் வரும். ஆனால் தீமை முதலில் மாற்றிவிட்டு, பிறகுதான் ஸ்டைலை அமைக்க வேண்டும். ஸ்டைல் அந்தந்தத் தீமோடு சேமிக்கப்படுவதால், வரிசை மாறினால் அமைத்தது காணாமல் போகும். இங்கேதான் பலர் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பில் பட்டியலை அட்டவணையாகக் காட்டும் ட்ரீவியூவின் வரி உயரம், டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே நூலகத்தின் 8.6 பதிப்பில் இயல்பாக 20 பிக்சல். நிர்மலா ஃபான்ட்டை 14 புள்ளியில் வைத்தால் 'காஞ்சிப் பட்டு' என்பதில் மேலே உள்ள புள்ளியும் கீழே 'டு'வின் வளைவும் அறுபடும். ஃபான்ட்டின் லைன்ஸ்பேஸை (ஒரு வரிக்கான உயரம்) மெட்ரிக்ஸ் என்ற மெத்தடில் கேட்டு, அதோடு 6 கூட்டி ட்ரீவியூ ஸ்டைலில் ரோஹைட்டாக (வரி உயரம்) கொடுங்கள். ஸ்டைல் பெயரிலும் ஒரு சிக்கல்: பட்டனின் ஸ்டைல் பெயருக்கு முன்னால் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து வரும், ட்ரீவியூவுக்கு வராது.

பட்டனின் அகலமும் அப்படித்தான். அகலத்தை ஆங்கில எழுத்துக் கணக்கில் 12 என்று கொடுத்தால் 'விலைப்பட்டியல்' வெட்டுப்படலாம். மைனஸ் 12 என்று கொடுங்கள், அது குறைந்தபட்ச அகலமாகி, எழுத்துக்கு ஏற்ப விரியும்.

என்ட்ரிக்கு ஃபான்ட்டை ஸ்டைலில் கொடுத்தால் ஏறாது. விட்ஜெட்டிலேயே கொடுக்க வேண்டும். தேர்வுப் பட்டியல் கொண்ட பெட்டியான காம்போபாக்ஸில் விரியும் பட்டியலோ உள்ளுக்குள் பழைய லிஸ்ட்பாக்ஸ்தான். அதற்கு ஆப்ஷன்-ஆட் (option_add) என்ற மெத்தட் வழியாக, காம்போபாக்ஸை உருவாக்கும் முன்பே ஃபான்ட்டைச் சொல்லிவிடுங்கள்.