போர்தோவில் சிவப்பு ஒயின் செய்யத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுவாத வாளியில் சாறு பிடிப்பதும், அழுகிய குலையைப் பொறுக்காமல் தொட்டியில் கொட்டுவதும் தவறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே மூக்கு சொல்லிவிடும். இங்கே பேசப்போவது வேறு வகைத் தவறுகளை. செய்யும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். எட்டு மாதம் கழித்துத்தான் பல்லைக் காட்டும். பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் கஸ்தியோன், பூர், பிளாய் பக்கம் இரண்டு மூன்று ஹெக்டேர் வாங்கிப் புதிதாக இறங்குகிறவர்கள் இதே குழிகளில்தான் மாறி மாறி விழுகிறார்கள். விழுந்து எழுந்தவர்களுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

மழைக்குப் பிறகு மருந்து

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தேனி, கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயிகளும் அறிவார்கள். அது பிறந்த ஊர் இதுதான். போர்தோவை அடுத்த மெடோக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை விரட்டுவதற்காக இந்தப் பச்சைநீலக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்த வரிசைகளில் மட்டும் அடிச்சாம்பல் நோயால் இலை உதிராமல் நின்றதைத் தாவரவியலாளர் மில்லார்தே 1882-இல் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார்.

புதியவர்கள் மறப்பது ஒன்றுதான். தாமிரம் இலைக்குள் ஏறாது, மேலே படிந்து நிற்கும் வெறும் கவசம். பூஞ்சை வித்து உள்ளே நுழைந்த பிறகு தெளித்துப் பயனில்லை. மழைக்கு முன்பே தெளித்திருக்க வேண்டும். 20, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கவசம் கழுவிப் போய்விடும். அடுத்த மழைக்குள் மறுபடி தெளிக்க வேண்டும். நேற்று விரிந்த இலையில் எந்தக் கவசமும் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். முதல் தெளிப்புக்குப் பழைய "மூன்று பத்து" கணக்கே போதும்: தளிர் 10 சென்டிமீட்டர், வெப்பம் 10 டிகிரி, மழை 10 மில்லிமீட்டர். 2018-இலும் 2023-இலும் மெர்லோ என்ற திராட்சை வகைத் தோட்டங்கள் இந்த நோயால் அடிவாங்கியதைப் பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் டிராக்டரை எடுப்பார்கள். அதற்காகக் கண்டபடி தெளிக்கவும் முடியாது. ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்பது ஐரோப்பிய வரம்பு.

ஆய்வக அறிக்கையில் அமிலம்

பிரான்ஸில் மொத்த அமிலத்தைக் கந்தக அமிலக் கணக்கில் எழுதுவார்கள். 3.5 என்றால் டார்டாரிக் கணக்கில் கிட்டத்தட்ட 5.4. 1.53-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதற்கு முன், அமிலம் குறைவென்று நினைத்து, சேர்ப்பதற்கு டார்டாரிக் பையைப் பிரிக்காதீர்கள்.

சர்க்கரை மூட்டை

சாற்றில் சர்க்கரை சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுவதென்றால், ஒரு டிகிரி ஏற லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம். சட்டம் 1.5 டிகிரிக்கு மேல் அனுமதிக்காது. இப்போது அடிக்கிற வெயிலில் பெரும்பாலான ஆண்டுகள் மூட்டையைப் பிரிக்கவே வேண்டியிருக்காது.

கடைசி வாரத்தில் தொட்டியைக் கலக்குவது

நிறம் தோலிலிருந்து முதல் நாட்களிலேயே இறங்கிவிடும். விதையின் கரடான துவர்ப்பு ஆல்கஹால் ஏற ஏறத்தான் கரைந்து வரும். ஆகவே முதல் பாதியில் நாளுக்கு இரண்டு முறை சாற்றை அடியிலிருந்து எடுத்து மேலே ஓட விடலாம். சர்க்கரை கரைந்து அடர்த்தி (தண்ணீருக்கு 1000) 1010-க்குக் கீழே வந்ததும் சக்கை காயாமல் நனைக்கிற அளவு போதும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பயந்து தொடாமல் விடுவார்கள், கடைசியில் நிறம் போதவில்லை என்று தொட்டியையே புரட்டுவார்கள். நிறம் வராது, விதையின் துவர்ப்புதான் வரும். வெப்பம் 26 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். 33-ஐத் தாண்டினால் ஈஸ்ட் பாதியில் நின்றுவிடக்கூடும்.

கந்தகம் போட வேண்டிய நாளில் போடாதது

அதிகம் பணம் தின்னும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த ஆண்டு வேறொருவர் செய்துகொண்டு வந்து நிற்பார். அதைவிட எரிச்சலூட்டுவது, கெட்டுப்போன ஒயினை நீட்டி "இது எங்கள் மண்வாசனை" என்று சொல்வது. அது மண்வாசனை இல்லை, குதிரை லாயத்து வாசனை.

நடப்பது இது. அக்டோபரில் ஆல்கஹால் நொதித்தல் முடிகிறது. அடுத்து மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாற வேண்டும். அதைச் செய்யும் ஈனோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு, ஒயினைக் கிருமியிடமிருந்து காக்கும் கந்தகம் ஆகாது. எனவே அந்தக் கட்டம் முடியும் வரை கந்தகத்தை, அதாவது சல்ஃபர் டை ஆக்சைடைச் சேர்ப்பதில்லை. இதுவரை பிழை இல்லை. நவம்பரில் கொட்டகை 12 டிகிரிக்கு இறங்கியதும் பாக்டீரியா உறங்கிவிடும். "வசந்தத்தில் தானாக நடக்கும், அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். நான்கைந்து மாதம் ஒயின் காவலில்லாமல் கிடக்கிறது.

அந்த இடைவெளியில் வளர்வது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். அவசரமில்லாத ஜந்து. லிட்டருக்கு 0.3 கிராம் சர்க்கரை மிச்சமிருந்தாலே அதற்கு விருந்து. 2 கிராமுக்குக் கீழே வந்ததும் "சர்க்கரை தீர்ந்தது" என்று நாம் நிம்மதியடையும் ஒயினில் அதற்குத் தாராளமாகச் சோறு உண்டு. திராட்சையில் இயல்பாக உள்ள கூமாரிக், ஃபெருலிக் அமிலங்களை அது 4-எத்தில்ஃபீனாலாகவும் 4-எத்தில்குவாயகாலாகவும் மாற்றுகிறது. லாயம், வியர்வை ஊறிய சேணம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் என்றெல்லாம் வீசுவது இவைதான். போர்தோவில் பாஸ்கல் ஷத்தோனேயும் சகாக்களும் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வில், இரண்டும் சேர்ந்து லிட்டருக்குச் சுமார் 425 மைக்ரோகிராமைத் தொட்டால் ஒயின் கெட்டதாகத் தெரியும் என்று கண்டார்கள். அந்த வாடை ஏறிவிட்டால் இறக்குவது கடினம். பூஞ்சையிலிருந்து எடுக்கும் கைட்டோசான் கிருமியைக் கொல்லும், நுண்வடிகட்டி அதைப் பிடித்துவிடும். ஏற்கெனவே பிறந்த வாடையை இரண்டுமே தொடாது. 225 லிட்டர் பீப்பாய் ஒன்று போனால் 300 பாட்டில் போயிற்று.

தவிர்க்கும் வழி சிக்கலானதில்லை. ஒயினை 18 முதல் 22 டிகிரிக்குள் வைத்திருங்கள். கொட்டகை முழுவதையும் சூடாக்க முடியாவிட்டால் ஒரு மூலையைத் தடுத்துச் சூடாக்குங்கள். நொதித்தல் முடிந்து இரண்டு வாரமாகியும் அசைவில்லையென்றால் பாக்டீரியாவை வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவு ஒரு பீப்பாய் ஒயினின் விலைக்கு முன் தூசு. வாரம் ஒருமுறை மாலிக் அமிலத்தை அளக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 கிராமுக்குக் கீழே வந்த அன்றே கசடிலிருந்து பிரித்துக் கந்தகம் போடுங்கள். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. "லிட்டருக்கு 25 மில்லிகிராம் இருந்தால் போதும்" என்று எங்கோ படித்ததை எல்லா ஒயினுக்கும் பொருத்துவார்கள். கிருமியைக் கொல்வது கட்டற்ற கந்தகத்தில், அதாவது ஒயினோடு கட்டுண்டுவிடாமல் மிஞ்சியிருப்பதில், மூலக்கூறு வடிவில் இருக்கும் சிறு பங்கு மட்டுமே. அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. நமக்கு வேண்டியது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் மூலக்கூறுக் கந்தகம். பி.எச். 3.5 என்றால் அதற்குக் கட்டற்ற கந்தகம் 30 மில்லிகிராம் தேவை. 3.8 என்றால் கிட்டத்தட்ட 60. வெயிலில் முற்றிய மெர்லோ 3.8-ஐத் தொடுவது இப்போது அதிசயமில்லை. அங்கே 25 மில்லிகிராம் போட்டு வைப்பது பூட்டு இல்லாத கதவுக்குத் தாழ்ப்பாள் வரைந்து வைப்பது மாதிரி.

முதல் முறை லிட்டருக்கு 50, 60 மில்லிகிராமாக ஒரே தடவையில் போடுங்கள். பத்துப் பத்தாகச் சொட்டு விட்டால் ஒயின் அதைக் கட்டிப்போட்டுக்கொண்டே போகும். கிருமியும் பழகிக்கொள்ளும். பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் எடையில் பாதியைத்தான் கந்தகமாகக் கணக்கிட வேண்டும். 50 மில்லிகிராம் ஏற்ற ஒரு பீப்பாய்க்கு 22 கிராம் பொடி. அதிலும் ஒரு பங்கு கட்டுண்டுவிடும், ஆகவே சில நாள் கழித்து மறுபடி அளந்து குறையை நிரப்புங்கள். சிவப்பு ஒயினுக்கு மொத்த வரம்பு 150 மில்லிகிராம், இயற்கைச் சான்று பெற்றதற்கு 100. நாளைத் தவறவிடாதவர்களுக்கு இதற்குள் இடம் போதும். தவறவிட்டு இரண்டு மூன்று முறை திருத்தப் போகிறவர்களுக்குத்தான் இடிக்கும்.

அளக்கும் கருவியையும் நம்பிவிடாதீர்கள். அயோடின் சொட்டுவிடும் மலிவான முறை, சிவப்பு ஒயினில் நிறத்தோடும் துவர்ப்போடும் வினைபுரிந்து கூடுதலாகக் காட்டும். காற்றிழுத்து அளக்கும் முறையில் ஆய்வகம் பார்த்துச் சொல்வதே கணக்கு.

குளிர்காலம் தாண்டிவிட்டதென்றும் அசந்துவிட வேண்டாம். ஜூனில் கொட்டகை 18 டிகிரியைத் தாண்டும்போது கந்தகம் இறங்கியிருக்கும், பிரெட்டனோமைசிஸ் விழித்துக்கொள்ளும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை ஒவ்வொரு பீப்பாயையும் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு பீப்பாயின் மாதிரியைக் கலந்து ஒரே எண் வாங்கினால் கெட்டது நல்லதற்குள் ஒளிந்துகொள்ளும். மாதிரி எடுக்கும் குழாயை ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஆல்கஹாலில் அலசுங்கள். பழைய பீப்பாய் மலிவாகக் கிடைத்தால் முந்தைய ஒயினின் எத்தில்ஃபீனால் அளவைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஈஸ்ட் பலகைக்குள் 8 மில்லிமீட்டர் வரை இறங்கியிருக்கக்கூடும். வெந்நீரும் நீராவியும் அதைக் குறைக்கும், முற்றிலும் ஒழிக்கும் என்று நம்ப வேண்டாம்.

நிரம்பாத பீப்பாய்

வாரம் ஒருமுறை விளிம்பு வரை நிரப்புங்கள், சுத்தமென்று தெரிந்த ஒயினால். காற்று நின்ற இடத்தில் காடிதான் விளையும்.

முட்டை வெள்ளைக்கரு

ஒயினைத் தெளியவைத்துத் துவர்ப்பை மென்மையாக்க, பீப்பாய்க்கு ஐந்தாறு. நுரைக்க அடிக்காதீர்கள், சிட்டிகை உப்போடு மெதுவாகக் கலக்குங்கள். மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் கனெலே என்ற கேக் பிறந்தது என்று இந்த ஊரில் ஒரு கதை உண்டு.

சக்கை அள்ள உள்ளே இறங்குவது

ஒரு லிட்டர் சாறு புளித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயு வரும். அது காற்றைவிடக் கனம், ஒயினை வடித்த பிறகும் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். விசிறி ஓட வேண்டும், வாயு மீட்டர் கையில் இருக்க வேண்டும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் சாய்ந்தால் வாசலில் நிற்பவர் தாவி இறங்கக் கூடாது. அவர் கையில் கயிறு இருக்கட்டும், அதன் மறுமுனை உள்ளே இருப்பவர் இடுப்பில்.