அரளி வைக்கப் போகிறீர்களா? கொங்குச் சீமைக்கான செய்முறை

சேலம் – கோவை நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் வெயிலைக் குடித்துக்கொண்டு பூத்து நிற்கிறதே, அதே அரளிதான். பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் போர் தண்ணி உப்பு என்று பூச்செடி வைக்கத் தயங்குகிறவர்கள் தைரியமாக இதை வைக்கலாம். உப்பைத் தாங்கும், வருடம் முழுக்க இலை பச்சையாக நிற்கும்.

ஆனால் கட்டுத்தரை, ஆட்டுப்பட்டி பக்கம் வைக்கவே கூடாது. இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. வெட்டிய கொப்பு சோளத்தட்டோடு கலந்துவிட்டால் மாடு பிரித்துப் பார்க்காமல் சேர்த்தே தின்றுவிடும். சின்னக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

ஆவணியில் குச்சி வெட்டினால் ஐப்பசி மழைக்கு நாற்று தயார். பூவில்லாத, பாதி முற்றிய, பென்சில் கனமுள்ள கொப்பை ஒரு சாண் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாறு கண்ணில் படக்கூடாது. நுனியில் நாலு இலை போதும், மீதியைக் கிள்ளிவிடுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய குப்பை 1 கலந்த பையில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். 3, 4 வாரத்தில் வேர் பிடிக்கும்.

ஒன்றரை அடிக் குழியில் ஒரு கூடை மக்கிய குப்பையும் 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் போட்டு நடலாம். வேலிக்கு 4 அடி இடைவெளி, தனிச்செடிக்கு 6 அடி. கரிசல் மண்ணானால் அரையடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிப்பதால், முதல் வருடம் மேற்குப் பக்கம் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.

முதல் மாதம் மழை இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு ஒரு குடம், பிறகு வாரம் ஒரு தடவை. ஒரு வருடம் கழிந்தால் சித்திரை வெயிலிலும் 10 நாளுக்கு இரண்டு குடம் போதும். பல அரளி சாவது இங்கேதான்: அடியிலை மஞ்சளானதும் தண்ணி போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள், வேர் அழுகிவிடும். இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள்.

செடி தளதளவென்று நின்றும் பூ இல்லையா? ஆறு மணி நேர வெயில் படுகிறதா, யூரியா அதிகம் போட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டிலும் குறை இல்லை என்றால் கவாத்து செய்யாததுதான், அதாவது கொப்பை வெட்டிக் கழிக்காததுதான் காரணம். அரளி புதுக்கொழுந்தின் நுனியில்தான் பூக்கும். கணுவைக் கூர்ந்து பாருங்கள், மும்மூன்று இலையாகச் சுற்றி இருக்கும். அதற்குச் சற்று மேலே வெட்டினால் ஒரு கொப்பு இரண்டு, மூன்றாகக் கிளைக்கும். தை மாதம் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்தால் கோடையில் பூ ததும்பும். கழித்ததை எரிக்காதீர்கள், புகையும் விஷம். ஆடு மாடு எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதையுங்கள்.

கொழுந்தில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான மஞ்சள் அசுவினி அப்பினால் குழாய்த் தண்ணியைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். விரல் கனத்தில் பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் நீலக் கண்போல இரண்டு புள்ளி, வாலில் சிறு கொம்பு என்று தெரிந்தால் அது அரளிப் புழு. கொட்டாது, கையாலேயே எடுத்துவிடலாம்.