பல்லு புடுங்கியாச்சா? கஞ்சியில ஆரம்பிச்சு புரோட்டா வரைக்கும் எப்படிப் போறதுன்னு சொல்றேன்

போன மாசம் எனக்கு கீழ்க்கடவாய்ப் பல்லு ஒண்ணு எடுத்தாங்க. கிளினிக்ல குடுத்த பேப்பர்ல "மென்மையான உணவு"ன்னு மட்டும்தான் போட்டிருந்துச்சு, இட்லி சாப்பிடலாமா, சோறு எப்போ, கோப்பிக்கடை பக்கம் எப்போ போறதுன்னு ஒண்ணுமே இல்ல. முதல் தடவை புடுங்கப் போறவங்க தவிக்கக் கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. பல்லு இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும், கீழ இருக்கற எலும்பையும் நரம்பையும் மூடி வச்சிருக்கறது அதுதான். அது கழண்டு வந்துட்டா டிரை சாக்கெட், வலி காது வரைக்கும் இழுக்கும். எங்க அக்கா புடுங்கின மறுநாளே ஸ்ட்ரா போட்டு ஐஸ் மைலோ குடிச்சிருக்கா, நாலாவது நாள் ராத்திரி அவ அழுதத நான் கண்ணால பாத்தேன். உறிஞ்சுறது, வேகமா துப்புறது, சிகரெட், இது மூணும் அந்தக் கட்டிக்கு எமன்.

புடுங்கின அன்னிக்கு

பஞ்சுத் துணிய அரை மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் நல்லா கடிச்சுக்கிட்டே இருங்க, ரத்தம் நின்னுச்சான்னு நடுநடுவுல எடுத்துப் பாக்காதீங்க. எச்சில துப்பாம முழுங்குங்க. மரத்துப் போனது தெளிய ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அதுக்கு முன்னாடி சாப்பிட்டா உதட்டையும் நாக்கையும் கடிச்சுக்குவீங்க, தெரியவே தெரியாது. வீங்காம இருக்க கன்னத்துல ஐஸ துணியில சுத்தி 20 நிமிஷம் வைங்க, 20 நிமிஷம் எடுங்க. வாய் கொப்பளிக்கவே கூடாது.

அன்னிக்கு சாப்பாடு ஆறினதா இருக்கணும். நான் சாப்பிட்டது தயிர், அப்புறம் கீழ் புளோக் கடையில பார்சல் வாங்கின சில்லுனு தாவ் ஹுவே (சோயாப் பால்ல செய்யற மெத்துனு இனிப்பு), மெல்லாமலே இறங்கிடும், ஸ்பூன்லதான் சாப்பிடணும். சூடா தே, கோப்பி வேண்டாம்.

ரெண்டாவது, மூணாவது நாள்

24 மணி நேரம் தாண்டினதும் ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டு சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கொப்பளிங்க, அதாவது வாயில வச்சு தலைய அசைச்சு அப்படியே வழிய விட்டுடுங்க, வேகமா துப்பாதீங்க. வீக்கம் இந்த ரெண்டு நாள்லதான் அதிகமா இருக்கும், பயப்படாதீங்க. பசியாற இட்லிய வெறும் பருப்புத் தண்ணியில ஊற வச்சு, மத்தியானம் முள்ளில்லாத மீன் கஞ்சி வெதுவெதுப்பா, மிளகு சில்லி இல்லாம.

குழிக்கு மேல வெள்ளையா மஞ்சளா ஒரு படலம் வரும். சாப்பாடு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு நாக்காலயோ குச்சியாலயோ நோண்டிடாதீங்க! ஆறுறதோட அடையாளம் அது.

நாலுலேர்ந்து ஏழு நாள் வரைக்கும்

இங்கதான் நெறைய பேரு அவசரப்படுவாங்க. குழைய வடிச்ச சோறு, ரசம், அவிச்ச முட்டை, இடியாப்பம் தேங்காய்ப் பாலோட, எல்லாம் சரி, ஆனா மத்தப் பக்கமா மெல்லுங்க. சோத்துப் பருக்கை குழிக்குள்ள போயிடுச்சுன்னா உப்புத் தண்ணியே போதும். சம்பல், முறுக்கு, கச்சான் (வேர்க்கடலை) இதெல்லாம் கிட்டயே வராம பாத்துக்குங்க.

வலிக்கு பாராசிட்டமால் ஒத்துக்கற பெரியவங்க 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல போடக் கூடாது, டாக்டர் கம்மியா சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. ரத்தம் இளகற மாத்திரை சாப்பிடறவங்க புடுங்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க.

ரத்தம் மறுபடி வந்தா ஈரமான சுத்தமான துணிய அரை மணி நேரம் கடிங்க. அப்பவும் நிக்கல, இல்ல மூணு நாள் கழிச்சு வலி கூடிக்கிட்டே போகுது, காய்ச்சல் அடிக்குதுன்னா பல்லு எடுத்த கிளினிக்குக்கே போன் அடிங்க. முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா யோசிக்காம 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் நம்பர்) அடிங்க.

எனக்கு பத்தாவது நாள் மெத்துனு தோசை, ரெண்டு வாரம் முடிஞ்சதும் தேக்காவுல புரோட்டா, வலது பக்கமா மென்னு, குழம்புல நல்லா ஊற வச்சு. ஆட்டு எலும்பு கடிக்க இன்னும் ஒரு ரெண்டு வாரம் விட்டிருக்கேன்.