வட சென்னையில் அவசர சிகிச்சை ஆய்வு: தீசிஸ் தலைப்பு தேடும் பி.ஜி.க்களுக்கும் இ.எம்.டி.க்களுக்கும் (ஆம்புலன்ஸில் வந்து முதலுதவி செய்பவர்கள்)

எமர்ஜென்சி மெடிசின் பி.ஜி. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கைடு தலைப்பு கேட்க ஆரம்பித்துவிடுவார். பாதிப் பேர் எழுதிக் கொடுப்பது ஒன்றுதான்: 108 எவ்வளவு நேரத்தில் வருகிறது, சீக்கிரம் வந்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்களா. கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ ராத்திரி ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் வீட்டில் முதலில் என்ன செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தெருமுனையில் நிற்கிற ஆட்டோவை எழுப்புவார்கள், இல்லையென்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வருவார். 108 ரெக்கார்டை மட்டும் வாங்கி வைத்து எண்ணினால் இவர்களில் ஒருவர்கூட உங்கள் ஆய்வில் இருக்க மாட்டார்கள். அதனால் ஆம்புலன்ஸில் தொடங்காதீர்கள், கேஷுவாலிட்டி வாசலில் தொடங்குங்கள். வாசலுக்கு வருகிற எல்லோரையும், எதில் வந்தாலும் சரி, சேர்த்துக்கொள்ளுங்கள். 108 அதில் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

அடுத்து, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை ஆய்வுக் கேள்வியாக எடுக்காதீர்கள். பிரிட்டனில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களுக்கு அட்ரினலின் கொடுத்துப் பார்த்த பாராமெடிக்-2 ஆய்வு 2018-ல் வந்தது. 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 2.4 சதவீதம். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் காட்டவே 8,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் தேவைப்பட்டார்கள். ரத்தப்போக்குள்ள விபத்துக் காயங்களுக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து) கொடுத்த கிராஷ்-2 (2010) இன்னும் பெரியது, 40 நாடுகளில் 274 மருத்துவமனைகள், 20,000-க்கு மேல் நோயாளிகள், இந்தியாவும் உண்டு. நீங்கள் ஒரே ஆள், ஒன்றரை வருடம், நடுவில் டியூட்டி வேறு.

எண்ணிக்கை பத்தாது என்பது மட்டுமல்ல. மோசமாக இருக்கிறவரைத்தான் எல்லோரும் அலறியடித்துக்கொண்டு கொண்டுவருவார்கள், லேசான காயம்பட்டவர் டீ குடித்துவிட்டு மெதுவாக வருவார். அப்போது கணக்குப் போட்டால் சீக்கிரம் வந்தவர்கள்தான் அதிகம் இறந்ததாகத் தெரியும். அதை அப்படியே நம்பி "நேரத்துக்கும் இறப்புக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிவிட்டால், பிறகு யார் வந்து திருத்துவது? காயத்தின் தீவிரத்தைச் சரியாக அளந்து வைக்காத நேர ஆய்வு எதற்கும் உதவாது. ஒரு நோய், ஒரு வாசல், ஒரு இடைவெளி போதும். உதாரணமாக, நெஞ்சு வலி தொடங்கியதிலிருந்து முதல் ஈ.சி.ஜி. வரை எவ்வளவு நேரம், அதில் வீட்டில் போனது எவ்வளவு, ரோட்டில் போனது எவ்வளவு, வாசலுக்குள் வந்தபின் போனது எவ்வளவு.

இனி கடிகாரம். இந்த ஆய்வின் உயிரே இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள். இதயம் நின்றுபோன கேஸ்களை எப்படிப் பதிவு செய்வது என்று பேசி முடிவெடுக்க 1990-ல் நார்வேயில் உட்ஸ்டைன் என்ற பழைய மடாலயத்தில் ஆட்கள் கூடினார்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி எண்ணியதால் எதையும் எதோடும் ஒப்பிட முடியவில்லை. நீங்களும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்: "வந்த நேரம்" என்றால் எது? வண்டி தெருமுனையில் நின்ற நேரமா, இ.எம்.டி. நோயாளியைத் தொட்ட நேரமா? வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு பிளாக்கின் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும், லிஃப்ட் கிடையாது, படிக்கட்டில் தண்ணீர் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பைலட் (108 டிரைவர்) வண்டியைத் திருப்பி நிறுத்தி முடிப்பதற்குள் இ.எம்.டி. மேலே போய்ச் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். இந்த இரண்டு நேரத்தையும் ஒன்றாக எழுதினால் மாடி வீட்டுக்காரர்களின் தாமதம் முழுவதும் காணாமல் போய்விடும். ஆஸ்பத்திரிப் பக்கமும் இப்படித்தான். வாசலில் வண்டி நின்றது ஒரு நேரம், டிரையேஜில் (யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கிற இடம்) கலர் போட்டது இன்னொரு நேரம், டிராலி கிடைத்து நோயாளி கைமாறியது மூன்றாவது நேரம்.

எந்தக் கடிகாரம் என்பதையும் முடிவு செய்யுங்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், ஈ.சி.ஜி. மெஷின் அடிக்கிற தாளில் வேறொன்று இருக்கும், உங்கள் போன் இன்னொன்று. ஈ.சி.ஜி. மெஷின் நேரத்தை யாரும் திருத்துவதே இல்லை, தேதிகூட தப்பாக ஓடும் மெஷின்கள் உண்டு. வாரம் ஒருமுறை போன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் முன்னே பின்னே என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்புறம், பதிவான நேரங்களின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் 0-விலும் 5-லும் முடிந்தால் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, ஞாபகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியிலிருந்து நேரம் எடுக்கலாமே என்று சீனியர் யாராவது சொல்வார். விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம் இவற்றுக்குத்தான் ஏ.ஆர்., நெஞ்சு வலிக்கு இல்லை. அதிலும் இருப்பது டியூட்டி டாக்டர் எழுதிய நேரம். ரெட் ஜோனில் (மிக மோசமான நோயாளிகளைப் பார்க்கிற பகுதி) ஒருவரைப் பார்த்து முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிற நேரம் அது, நோயாளி உள்ளே நுழைந்தது அதற்கு எவ்வளவோ முன்னால். ஆனால் "யார் அழைத்து வந்தது" என்ற வரி பயனுள்ளது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், "வழிப்போக்கர்" என்று மட்டும் போதும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகளின்படி, விபத்தில் சிக்கியவருக்கு உதவியவர் தன் பெயரையோ முகவரியையோ சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் புரோபோர்மாவில் (விவரம் நிரப்புகிற படிவம்) அவருக்கு போன் நம்பர் கட்டம் இருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

நோயாளியோடு வந்த அட்டெண்டரிடம் கேட்பது தனிக் கலை. "எப்போ வலி ஆரம்பிச்சது?" என்று கேட்டால் வருகிற பதில்: "நைட்டே லேசா இருந்தது டாக்டர், கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சாரு, விடியக்காலைல வேர்த்துக் கொட்டிச்சு." இதில் எதை எழுதுவீர்கள்? மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: முதலில் தெரிந்தது எப்போது, தாங்க முடியாமல் போனது எப்போது, கிளம்பலாம் என்று முடிவெடுத்தது எப்போது. மணி சொல்லத் தெரியாவிட்டால் பாங்கு சொல்வதற்கு முன்னாலா பின்னாலா, தண்ணி லாரி வந்துவிட்டதா, எந்த சீரியல் ஓடிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள், ஓரளவு நேரம் பிடிபட்டுவிடும். இதைவிட நல்லது போன். மகனுக்கோ ஆட்டோக்காரருக்கோ 108-க்கோ அழைத்த நேரம் கால் லாக்கில் அச்சாக இருக்கும். அவர்களையே திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் போனை வாங்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். நேராக இங்கே வந்தார்களா, நடுவில் மெடிக்கல் ஷாப்பிலோ பக்கத்து கிளினிக்கிலோ நின்றார்களா என்பதையும் கேட்டே தீர வேண்டும். பக்கவாதம் என்றால் கேள்வியே வேறு: கடைசியாக நன்றாக இருந்ததை யார், எப்போது பார்த்தார்கள்? தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் எழுந்த நேரம் கணக்கில் வராது, படுக்கப் போன நேரம்தான். எல்லாவற்றையும் சிகிச்சை ஓடத் தொடங்கியபின் கேளுங்கள். அழுதுகொண்டு நிற்கிற அம்மாவிடம் புரோபோர்மாவை நீட்டுகிற ஆளாக இருக்காதீர்கள்.

ரோட்டு விஷயத்தில் கூகுள் மேப்பை நம்பாதீர்கள். பின்னாளில் உட்கார்ந்து எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு இத்தனை நிமிடம் என்று போடுவது, அன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எவ்வளவு தூரம் நின்றன என்பதைச் சொல்லாது. எந்த வழியாக வந்தீர்கள், ரயில்வே கேட்டில் நின்றீர்களா, சுரங்கப்பாதையில் தண்ணீரா என்று மூன்று கட்டம் போடுங்கள். முழு முகவரி தேவையில்லை, பின்கோடு போதும்: ராயபுரம் 600013, திருவொற்றியூர் 600019, எண்ணூர் 600057. மழைக்காலத்தை விட்டுவிட்டு ஜனவரியிலிருந்து மே வரை எடுத்த ஆய்வை வட சென்னை ஆய்வு என்று சொல்லவே கூடாது.

அனுமதி: எதிக்ஸ் கமிட்டி இல்லாமல் ஒரு கேஸ் ஷீட்டையும் தொடாதீர்கள். பெயர் நீக்கிய பதிவுகளை மட்டும் பார்க்கிற, ஆபத்து மிகக் குறைவான ஆய்வுக்கு ஒப்புதல் படிவத்திலிருந்து விலக்கு கேட்க ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலில் இடமுண்டு. ஆனால் விலக்கைத் தருவது கமிட்டி, நீங்களே எடுத்துக்கொள்வதல்ல. மருந்தோ முறையோ கொடுத்துப் பார்க்கிற ஆய்வு என்றால் முதல் நோயாளிக்கு முன்பே சி.டி.ஆர்.ஐ.-யில் (மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு செய்ய வேண்டும். 108 தரவுக்குத் தனி அனுமதி வேண்டும், அது வராமலே போனாலும் ஆய்வு தொடர்ந்து நடக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

இதோடு ஒன்று. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அப்படி ஒரு ராத்திரியில் எதிக்ஸ் கமிட்டியைக் கூட்ட முடியாது. மூச்சுத்திணறலோடு கூட்டமாக வந்தால் எதையெல்லாம் பதிவு செய்வது என்ற ஒரு பக்கத் திட்டத்தை முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வைக்கலாம். தொழிற்சாலைகள் இத்தனை இருக்கிற பகுதியில் இதை யாராவது ஒருவர் செய்துவைத்தாலே பெரிய விஷயம்.

இ.எம்.டி.க்களை ஓசியில் படிவம் நிரப்புகிறவர்களாக வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எந்தச் சந்தில் வண்டி திரும்பாது, எந்த நேரத்தில் எந்த கேட் மூடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். புரோபோர்மாவை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள், கட்டுரையில் பெயரும் போடுங்கள். இ.எம்.டி.யாக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், கேள்வி உங்களிடமிருந்து கிளம்பினால் நீங்கள்தான் முதல் பெயர், அதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு சுலபம். ஒரு விகிதத்தை 5 சதவீதப் புள்ளி முன்னே பின்னே துல்லியத்தோடு சொல்ல 384 பேர் என்று எல்லோரும் எழுதுவார்கள், விகிதம் பாதிப் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அது சரி. நேரத்துக்கு சராசரி போடாதீர்கள், இரண்டு நாள் கழித்து வந்த ஒருவர் மொத்தத்தையும் இழுத்துவிடுவார், மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போடுங்கள். 60 நிமிடத்தில் வெட்டி "கோல்டன் ஹவருக்குள் (காயம்பட்டபின் முதல் ஒரு மணி நேரம்), வெளியே" என்று பிரிக்கவும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, ஆனால் 59-வது நிமிடத்துக்கும் 61-வது நிமிடத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. நிமிடத்தை நிமிடமாகவே வையுங்கள். காலியான கட்டங்கள் ராத்திரி டியூட்டியில்தான் குவியும், மோசமான கேஸ்களும் அப்போதுதான் வரும், அதனால் காலியானதை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் பகல் நேர நோயாளிகளைப் பற்றிய ஆய்வாக மாறிவிடும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எந்த ஷிஃப்டில் எத்தனை விடுபட்டது என்பதை முதல் டேபிளிலேயே போட்டுவிடுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) முதலில் விரல் வைக்கிற இடம் அதுதான்.