படகின் அடித்துளைக் கசிவு: சிலிக்கானை விட்டு பியு சீலன்ட்டுக்கு மாறினேன்

நாகப்பட்டினத்தில் எங்கள் ஃபைபர் படகின் பின்பக்க அடித்துளையில் (உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் துளை), பித்தளைத் தக்கை உட்காரும் இடத்தில், கசிவு நிற்கவே இல்லை. பாத்ரூமுக்குப் போடுகிற சிலிக்கானை இரண்டு முறை அப்பினேன், இரண்டு முறையும் ஒரு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வந்தது.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கரையேற்றினோம். பக்கத்துப் பட்டறை மாமா விரலால் தடவிப் பார்த்து, "தம்பி, பழைய சிலிக்கான் துளிகூட இருக்கக் கூடாது, அதன் மேல் எதுவும் ஒட்டாது" என்றார். பிளேடால் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, அசிட்டோனில் துடைக்கவே அரை நாள் போனது, ஆனால் வேலையே அதுதான்.

அப்புறம் தண்ணீருக்கு அடியில் தாங்கும் பாலியூரித்தேன் (பியு) சீலன்ட், அதாவது இடைவெளியை அடைக்கும் பசை, போட்டேன். முதலில் தக்கை உட்காரும் பாகத்தின் திருகுகளைக் கையால் மட்டும் இறுக்கினேன், முழுசாக இறுக்கினால் பசை மொத்தமும் பிதுங்கிவிடும், நடுவில் ஒரு மில்லிமீட்டராவது நிற்க வேண்டும். இது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், அதனால் ஒரு வாரம் விட்டு மீதியை முடுக்கினேன். கழற்ற வேண்டிய பாகத்துக்கு 'நிரந்தரம்' என்று போட்ட வகையை வாங்காதீர்கள், பிரிக்கும்போது ஃபைபரே பெயர்ந்து வரும்.

ஜூன் 15 கடலுக்குப் போனோம். அடித்தட்டு காய்ந்தே இருந்தது.