டிசி வாங்குவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, அதன் போக்கில் கற்றுக்கொள்ள விடலாமா (இதைத்தான் அன்ஸ்கூலிங் என்கிறார்கள்) என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது டிசி எப்படி வாங்குவது, சிலபஸ் எது, பரீட்சைக்கு என்ன வழி என்பதைத்தான். எல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் கடைக்குப் போய் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வேண்டாம், உங்களுக்கு.

ஒரு மாதம், தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு, யாரும் சொல்லாமல் பிள்ளை தானாக இன்று என்ன செய்தது, எவ்வளவு நேரம் செய்தது, என்ன கேட்டது, எந்த இடத்தில் விட்டது என்று நாலைந்து வரி எழுதுங்கள். அவ்வளவுதான். "வெட்டியாகச் சுற்றினாள்" என்று எழுதக் கூடாது. நான் முதல் வாரம் என் மகளைப் பற்றி அப்படித்தான் எழுதியிருந்தேன், அதில் எனக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. அப்புறம் திருத்திக்கொண்டேன்: "வாசலில் எறும்பு போகும் வழியில் கோலமாவால் குறுக்கே கோடு போட்டாள், எறும்பு சுற்றிக்கொண்டு போனது, மஞ்சள்தூளால் போட்டுப் பார்த்தாள், முக்கால் மணி நேரம்." இப்படி எழுதினால்தான் நாளைக்கு அவளுக்கு என்ன எடுத்துக் கொடுக்கலாம் என்று நமக்கே தெரியும். பிள்ளை இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாலும் இதைச் செய்யலாம், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போதும். ஒரு மாதம் எழுத முடியாதவர்கள் அன்ஸ்கூலிங் பக்கம் வர வேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் இதில் அம்மா அப்பாவுக்கு இருக்கும் வேலையே பார்ப்பதுதான்.

அன்ஸ்கூலிங் என்ற சொல்லை 1977 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹோல்ட், அமெரிக்காவில் பல வருடம் வாத்தியாராக இருந்தவர். ஹோம்ஸ்கூலிங் என்றால் பெரும்பாலும் அதே பாடப்புத்தகம், அதே டைம்டேபிள், இடம் மட்டும் வீடு. அன்ஸ்கூலிங்கில் டைம்டேபிள் கிடையாது, பிள்ளைக்கு எதில் ஈடுபாடோ அதுதான் தொடக்கம். இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று: பக்கத்திலேயே, புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1943-இல் தொடங்கிய பள்ளியில், பிள்ளை தன் வேகத்தில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் முறை பல வருடமாக நடக்கிறது, படித்து முடித்தவர்களுக்குப் பட்டமோ சான்றிதழோ தருவதில்லை. அங்கே அது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நடக்கிறது, நாம் வீட்டையும் தெருவையும் வைத்துச் செய்கிறோம்.

எங்கள் வீடு கடலூரில். நான் வீட்டிலேயே தையல், அவர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. வசதி இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு பாதியில் நின்றாள். வகுப்பில் ஏதாவது கேட்டால் அதிகப்பிரசங்கி என்று ஒரு பெயர் விழுந்து, அவள் அங்கே வாயைத் திறப்பதை நிறுத்தி, கொஞ்ச நாளில் வீட்டிலும் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான், மார்க்கைப் பார்த்து இல்லை.

நிறுத்தின உடனே பிள்ளை ஆர்வமாக எதையாவது தேடிப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எத்தனை வருடம் பள்ளிக்குப் போனதோ, வருடத்துக்கு ஒரு மாதம் சும்மா விடுங்கள் என்று இதில் அனுபவமுள்ளவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். எல்கேஜி, யுகேஜி சேர்த்து எங்களுக்கு நாலரை மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் டிவி, தூக்கம், டிவி. அந்த நாட்களில் நோட்டில் பல பக்கம் ஒற்றை வரிதான். தாங்க முடியாமல் ஒரு நாள் வாய்ப்பாடு புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், அவள் முகம் பழையபடி இறுகியது, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இந்தக் காலத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், வெளியே போகும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்கு, பேங்குக்கு, கொத்தனார் வேலை செய்யும் இடத்துக்கு, மீன் வாங்க.

எங்களுக்குக் கதவு திறந்தது மீனில்.

ஞாயிற்றுக்கிழமை முதுநகர் துறைமுகத்துக்கு அப்பாவோடு வண்டியில் போவாள். ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நானும் போயிருந்தேன். விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, ஃபைபர் போட்டுகள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் போய், "தாத்தா, பெரிய போட்டெல்லாம் ஏன் போகல?" என்று கேட்டாள். தெரியாத ஒருவரிடம் பல மாதம் கழித்து அவள் கேட்ட முதல் கேள்வி.

"தடைக்காலம் பாப்பா. மீன் முட்டை போடுற நேரம். அறுபத்தோரு நாளு, ஏப்ரல் பதினஞ்சுலேருந்து ஜூன் பதினாலு வரைக்கும்" என்றார்.

விரலை மடக்கி எண்ணினாள். ஏப்ரல் 15-இலிருந்து மே 15 முப்பது, அங்கிருந்து ஜூன் 14 முப்பது. "அறுபதுதான் தாத்தா வருது."

"கவர்மெண்டு அறுபத்தொண்ணுன்னுதான் சொல்லுது" என்று சிரித்துவிட்டு அவர் வலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு நுனிநாக்கில் விடை. வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்து, ஒவ்வொரு தாளாகத் தூக்கித் தூக்கி எண்ணினாள். ஏப்ரலில் 16. மேயில் 31. ஜூனில் 14. சிலேட்டில் கூட்டினாள், 61. இன்னொரு தடவை எண்ணினாள். அப்புறம் அடுப்படிக்கு வந்து, "அம்மா, நான் கழிச்சேன், அவங்க எண்ணுனாங்க. மொத நாளையும் சேத்து எண்ணணும்" என்றாள்.

நான் அந்த நேரத்தில் செய்தது வெங்காயம் உரித்தது மட்டும்தான். வண்டியிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நொடியில் முடிந்திருக்கும், விடை என்னுடையதாக இருந்திருக்கும். கேள்வி பிள்ளையின் கையில் இருக்கும்போது பிடுங்காதீர்கள். உங்களைப் பார்த்து நேராகக் கேட்டால் தெரிந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள், பாடம் நடத்தாதீர்கள். தெரியாவிட்டால் "எனக்குத் தெரியலையே, யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள், இந்தக் கேள்விதான் பிள்ளையை அடுத்த ஆளிடம் கொண்டுபோய் விடும்.

இவ்வளவு தெரிந்த நானே அடுத்த வாரம் கெடுத்தேன். பிள்ளைக்கு மீன் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில், சங்கரா கிலோ இத்தனை ரூபாய் என்றால் மூன்றரைக் கிலோ எவ்வளவு என்று இருபது கணக்கு எழுதி ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் நாலு கணக்கு போட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் என்னிடம் மீனைப் பற்றி எதுவும் பேசவில்லை, அப்பாவிடம் மட்டும் பேசினாள். ஆர்வத்தைப் பார்த்ததும் அதைப் பாடமாக மாற்றும் கை நமக்கெல்லாம் இருக்கிறது, பன்னிரண்டு வருடம் பள்ளியில் இருந்தவர்கள்தானே நாமும். ஏலம் விடும் இடத்தில் அவள் கூறு கூறாகப் பார்த்து மனதிலேயே விலை போட்டுக்கொண்டிருந்தாள், அது என் இருபது கணக்கைவிடக் கடினம்.

அந்த 61 எங்கெல்லாம் போனது என்று நோட்டில் இருக்கிறது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று யாரோ சொல்ல, 30-ம் 31-ம் 61 என்று அவளே போட்டாள். புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே கேரளப் பக்கம் இருப்பதால் அங்கே அந்தக் கணக்கு, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏனாமிலும் நம் கணக்கு. ஒரே ஆட்சிக்கு ஏன் இரண்டு தேதி? மேப் வாங்கினோம். அவ்வளவு தூரத்தில் இருக்கும் மாஹே எப்படிப் புதுச்சேரியோடு சேர்ந்தது என்பதிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள், அங்கிருந்து தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் ஆங்கிலேயர் கோட்டை. வலை கட்டும் தாத்தாவிடம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயர்கள். சரித்திரம் பூகோளம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

சரி, மீன் எங்கள் மகளுக்கு. உங்கள் பிள்ளைக்கு வேறு ஏதாவது. நோட்டில் எது மூன்று நான்கு முறை திரும்ப வருகிறதோ அதைப் பிடித்து, அது உண்மையில் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. மண்ணைப் பிசைந்துகொண்டே இருக்கும் பிள்ளை என்றால் வில்லியனூரில் சுடுமண் வேலை நடக்கிறது, புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. கல் பொறுக்குகிற பிள்ளைக்குத் திருவக்கரை, மரம் கல்லாகிக் கிடப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பழைய காசு, உடைந்த பானை என்று கிடப்பவர்களுக்கு அரிக்கமேடு, ரோமானியர்களோடு வியாபாரம் நடந்த இடம், 1945-இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியது, கிடைத்த பொருட்களில் சில புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தை மாசியில் ராத்திரி நேரத்தில் ஆமை முட்டையிடக் கரைக்கு வரும், வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். போன இடத்தில் "பார்த்தியா, இது என்ன சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை பத்து நிமிடத்தில் போகலாம் என்றால் கிளம்பிவிடுங்கள், பஸ் காசு போச்சே என்று இருக்கும், பரவாயில்லை.

படிப்பும் கணக்கும் விட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். சில விட்டுப்போகும். என் மகளுக்குப் பத்து வயது வரை நீள் வகுத்தல் தெரியாது. ஐந்து வீட்டுக்குச் சேர்த்து மொத்தமாகக் கருவாடு வாங்கிப் பங்கு பிரிக்க வேண்டி வந்தபோது ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டாள். தமிழ் வாசிப்பு ஏற்கெனவே இருந்தது. ஆங்கிலத்தை மீன் பெயர் தேடித் தேடி எழுத்துக்கூட்டினாள். எழுத்து கொஞ்சம் தாமதமாக வந்தால் பதறாதீர்கள், ஆனால் பிள்ளை முயன்றும் எழுத்துகள் பிடிபடவில்லை, தலை வலிக்கிறது என்றால் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். பிள்ளையின் போக்கில் விடுவது என்றால் கவனிக்காமல் விடுவது என்று அர்த்தம் இல்லை. மொபைல் விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரே விதி, கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், படுக்கையில் கூடாது. அது பெரியவர்களுக்கும் சேர்த்து.

சிநேகிதம் வேண்டும். நாலரை மணிக்கு மேல் தெருவில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதற்கு முன்னால் அவளுடைய சிநேகிதம் எல்லாம் பெரியவர்கள், அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஒற்றைப் பிள்ளையாக வளரும் வீட்டில் இதற்கு நீங்கள் மெனக்கெட வேண்டும், சிலம்பமோ நீச்சலோ ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.

என் மாமியார்தான் அதிகம் கவலைப்பட்டவர். "நாலு பேரு கேட்டா என்னாடி சொல்றது?" என்றார். அவரோடு வாதாடிப் பிரயோசனமில்லை என்று நோட்டை வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "கருவாட்டுக்கு உப்பு எவ்வளவுன்னு அவ என்னக் கேக்கவே இல்லையே" என்றார். மறுநாளிலிருந்து மொட்டை மாடியில் இரண்டு பேரும் நெத்திலி காயப்போட்டார்கள்.

சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் 10-ஆவது பிரிவில் இருக்கிறது, ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை, வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியாகப் பேச்சும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவுதான் எனக்குத் தைரியம் தந்தது: இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் டிசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார் எல்லாம் ஒரு பையில் பத்திரமாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புக்கு என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, மத்திய அரசுடையது. 14 வயது நிறைந்தால் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஒரு மொழி உட்பட ஐந்து பாடம், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, பாடம் பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்குப் போக நினைக்கிறார்களோ அங்கே என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

மகளுக்கு இப்போது பதினொன்று. போன வாரம், "எட்டாவதுல பள்ளிக்கூடம் போய்ப் பாக்கட்டுமா, அங்க லேப் இருக்குமாம்" என்றாள். எனக்கு ஒரு நிமிடம் என்னவோ போல் இருந்தது, உண்மை. பள்ளிக்கூடமும் அவள் போக்கில் வருவதுதான் என்று அப்புறம் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். வரும் திங்கட்கிழமை பக்கத்து அரசுப் பள்ளிக்கு விசாரிக்கப் போகிறோம். கேட்க வேண்டியதை அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். முதல் கேள்வி, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா. இரண்டாவது, அதை நாங்கள் தொடலாமா.